மொழி தெரியாத நோயாளிக்கு யார் பேசுவது?

எங்கள் புறநோயாளிப் பிரிவில் காத்திருப்போர் அவ்வப்போது எழுப்பும் ஒரு கேள்விக்கு இவ்விதழில் விடை சொல்ல விரும்புகிறோம். "வடக்கேயிருந்து வந்தவர் ஒருவர் மருத்துவர் அறைக்குள் போனால் அரை மணி நேரம் ஆகிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் பத்து நிமிடம்?" என்பதே அக்கேள்வி. பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் முதல் பேருந்தில் வந்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியவர்கள் கேட்கும்போது, அதில் நியாயம் இல்லையென்று கூற இயலாது. ஆயினும் அந்த அரை மணி நேரத்தில் பேசப்படுவது, உங்கள் பத்து நிமிடத்தில் பேசப்படும் அளவேதான். ஒவ்வொரு வாக்கியமும் அங்கே இருமுறை சொல்லப்படுகிறது; சில வாக்கியங்கள் மும்முறை சொல்லப்படுகின்றன. கூடுதல் நேரம் அதற்கே செலவாகிறது.

கொடைக்கானலின் கட்டட வேலைகளிலும், விடுதிகளின் சமையலறைகளிலும், தோட்டங்களிலும் இன்று பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்களும் நேபாளத்தவரும் பணிபுரிகின்றனர். முதலில் ஆண்கள் தனியே வந்தனர். இப்போது மனைவி மக்களுடன் வருவோரும் உண்டு. ஆதலால் எங்களிடம் வருவோர் காயம்பட்ட இளைஞர்கள் மட்டுமல்லர். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்த இடத்தில் நோயுற்ற முதிய தாய்மார் எனப் பலரும் வருகின்றனர். இவர்களுடன் பேசுவதற்கு எங்களுக்கு உதவுவோரை 'மொழித்துணைவர்' என்று அழைக்கிறோம். அவர்கள் பணி யாது, யார் அப்பணியைச் செய்யலாம், யார் செய்யலாகாது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு சொல்லால் திசைமாறும் சிகிச்சை

டிசம்பர், சனவரி மாதங்களில் இம்மலையில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், காலையில் எங்களிடம் வந்து "சக்கர்" என்று சொல்லித் தலையைப் பிடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ச் செவிக்கு அது 'சர்க்கரை'யாகக் கேட்கும். உடனே விரல் நுனியில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்க்கப்படும். அளவு சரியாக இருக்கும். ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பப்படுவார். உண்மையில் அவர் சொன்னது தலைச்சுற்றல். இந்தியில் 'சக்கர்' என்றால் அதுவே பொருள். மொழி அறிந்த ஒருவர் உடனிருந்தால் அடுத்த கேள்வியை மருத்துவர் கேட்டிருப்பார்: "உங்கள் அறையில் தங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் இப்படி இருக்கிறதா? இரவில் அறைக்குள் கரி மூட்டினீர்களா?" ஆம் என்று விடை வந்தால் அது சர்க்கரையும் அன்று, வெறும் களைப்பும் அன்று. மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவின் பாதிப்பு அது. நிறமும் மணமும் அற்ற வாயு அது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவிகூட அந்நேரத்தில் இயல்பான எண்ணையே காட்டக்கூடும். எனவே நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு துப்பு எளிதில் கிடைப்பதில்லை. அச்சொல் தவறினால், அவர் மறுபடியும் அதே அறைக்கு, அதே கரி அடுப்பின் அருகே உறங்கச் செல்வார்.

இத்தகைய சொற்கள் பல உள்ளன. பீகார், ஜார்க்கண்ட் பகுதியினர் 'கப்ராஹட்' என்று ஒன்றைச் சொல்வார்கள். அகராதியில் பார்த்தால் பதற்றம், அச்சம் என்றிருக்கும். ஆனால் நெஞ்சு படபடப்பதையும், மூச்சு முட்டுவதையும், மார்பில் இனம்புரியாத சங்கடத்தையும் அவர்கள் அதே சொல்லாலேயே உணர்த்துவதுண்டு. "பயமாக இருக்கிறதாம்" என்று பெயர்த்துவிட்டால், மாரடைப்பின் முதல் அறிகுறி பயந்த சுபாவமாகிவிடும். காய்ச்சலுக்கு இந்தியில் 'புகார்' என்பர். பதிவு மேசையில் ஒருவர் "புகார், புகார்" என்று சொன்னால் யார்மீது என்று கேட்கத் தோன்றும். இது சிரித்துக் கடந்துவிடக்கூடியது. 'கல்' என்ற சொல் அப்படியன்று. இந்தியில் அது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கொண்டே எதுவென அறிய வேண்டும். அறுவைக்கு முன் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கும் நோயாளி, "கல் ஸே" நிறுத்தம் என்று மட்டும் சொன்னால், நேற்றே நிறுத்திவிட்டாரா, நாளைதான் நிறுத்தப் போகிறாரா? அறுவை மேசையில் இரத்தப்போக்கு அதைப் பொறுத்தது.

எண்கள் இன்னும் சிக்கலானவை. இந்தியில் ஏழு 'சாத்', அறுபது 'சாட்'. ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி' என்று தனிச்சொற்கள் உண்டு. பள்ளியில் சிறிது இந்தி கற்ற நம்மவர்கள் இவற்றை அறிவதில்லை. ஒன்றரை மாத்திரையை இரண்டாகப் புரிந்துகொள்வார்கள். பத்தொன்பது, இருபத்தொன்பது, முப்பத்தொன்பது ஆகியவை 'உன்னீஸ், உன்தீஸ், உன்தாலீஸ்' என்று ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே மருந்தளவு, தேதி, இரத்த அழுத்தம் என எண் எதுவாயினும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் தாளில் எண்ணாலேயே எழுதிக் காட்டுவது எங்கள் வழக்கம்.

இந்தி போதுமா?

வடக்கேயிருந்து வருவோர் அனைவரும் இந்திக்காரர்கள் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இது தமிழ்நாட்டிலிருந்து சென்றவர், மலையாளி, கன்னடர் எல்லாரையும் 'மதராசி' என்று அழைத்ததைப் போன்றதே. வங்காளம், ஒடியா, அசாமியம், நேபாளி ஆகியவை தனித்தனி மொழிகள். ஜார்க்கண்டிலிருந்து வரும் பழங்குடியினரின் வீட்டுமொழியோ இந்திக்கு உறவே இல்லாதது. சந்தாலி, முண்டாரி, ஹோ ஆகியவை ஆஸ்திரோ ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி நம் தமிழைப் போலவே திராவிட மொழி. பல்லை அவர்கள் 'பல்' என்றே சொல்கிறார்கள். கண்ணுக்கு அவர்கள் வழங்கும் சொல்லும் நம்முடையதை ஒட்டியதே. ஆனால் அதை நம்பிப் பேச்சைத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்திலேயே நின்றுவிடுவோம்.

இந்த ஆடவர்கள் வேலைக்காக இந்தி கற்றிருப்பார்கள். வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் அது பெரும்பாலும் தெரியாது. கணவனிடம் இந்தியில் பேசி, அவர் மனைவியிடம் சந்தாலியில் சொல்லி, அவள் ஒரு சொல்லில் விடையளிக்க, அவர் அதை நீட்டி இந்தியில் சொல்ல, அதைச் செவிலியர் தமிழில் மருத்துவரிடம் சொல்வது என்பது நடைமுறையில் நிகழக்கூடியதே. அப்போது நோயாளி சொன்னது எது, கணவர் சேர்த்தது எது என்று பிரித்தறிய வழியில்லை. எனவே பதிவு மேசையில் நாங்கள் "இந்தி தெரியுமா?" என்று கேட்பதில்லை. "வீட்டில் எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று கேட்கிறோம். இதற்கென மேசைமீது ஓர் அட்டை வைத்துள்ளோம். ஒவ்வொரு மொழியின் பெயரும் அம்மொழியின் எழுத்திலேயே அதில் அச்சிடப்பட்டுள்ளது. படிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டுகிறோம்.

பிள்ளைகளை வெளியே அமரச் சொல்வது ஏன்?

புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் முதலில் தமிழ் கற்பவர்கள் பிள்ளைகள். நம் பள்ளிகளில் சேர்ந்த ஓராண்டிற்குள் மலைத்தமிழை நம் பிள்ளைகளைப் போலவே பேசுவார்கள். கடைக்கு, ரேஷன் கடைக்கு, வீட்டு உரிமையாளரிடம் என எங்கும் பெற்றோருக்காகப் பேசுபவர்கள் அவர்களே. மருத்துவமனைக்கும் அவர்களையே அழைத்து வருகிறார்கள். பிள்ளை திறமையாகப் பேசுவதைக் கண்டு நமக்கு மகிழ்ச்சி உண்டாவதும் இயல்பு.

ஆனால் எண்ணிப் பாருங்கள். கரு கலைந்த தாய்க்கு, எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்ற கேள்வியை ஒன்பது வயது மகள் கேட்க வேண்டியிருக்கிறது. தந்தையின் நுரையீரலில் கட்டி இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டியவன் ஐந்தாம் வகுப்பு மாணவன். அந்தத் தாய் மகளிடம் உண்மையைச் சொல்லமாட்டாள். அந்தப் பையன் மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லமாட்டான். "ஒன்றுமில்லையாம் அப்பா" என்று முடித்துவிடுவான். அது பொய்யன்று, பாசம். ஆயினும் சிகிச்சை அங்கே தடம்புரள்கிறது. பின்னாளில் தந்தை இறந்துவிட்டால், தான் சரியாகச் சொல்லாததுதான் காரணமோ என்ற எண்ணம் அப்பிள்ளையை விட்டு அகலாது. எனவே பதினெட்டு வயது நிறையாத எவரையும் மருத்துவ உரையாடலுக்கு மொழித்துணையாக நாங்கள் ஏற்பதில்லை. "கழிவறை எங்கே?" என்று கேட்டுச் சொல்லலாம், அவ்வளவே. உயிர் போகும் அவசரத்தில் வேறு யாரும் இல்லையெனில் மட்டும் விதிவிலக்கு.

அடுத்தது மேஸ்திரி அல்லது வேலை கொடுப்பவர். இவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்துடனே வருகிறார்கள். நள்ளிரவில் தம் ஜீப்பில் தொழிலாளியைத் தூக்கி வருவோரும் அவர்களே. அதற்கு நாங்கள் நன்றியுடையோம். ஆனால் தொழிலாளியின் கூலி யார் கையில் உள்ளதோ அவர் முன்னிலையில், சாரத்திலிருந்து எப்படி விழுந்தார், பூச்சிமருந்து தெளிக்கும்போது முகக்கவசம் இருந்ததா, எத்தனை நாளாக இருமுகிறார் என்பதை அத்தொழிலாளி வெளிப்படையாகச் சொல்வாரா? காசநோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சி இருமலை மறைப்பவர்கள் உண்டு. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. மேஸ்திரியை மொழிபெயர்க்கவிட்டால், நாங்களே அச்சட்டத்தை மீறியவர்கள் ஆவோம். ஆகவே அவரை வரவேற்று, அமரச் செய்து, தேநீர் கொடுத்து, அறைக்கு வெளியே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதை யாரும் அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம்.

மகப்பேறு, பெண்நோய்ப் பிரிவில் இயன்றவரை பெண் மொழித்துணைவரையே அமர்த்துகிறோம். கணவர் வேண்டுமென்று நோயாளி விரும்பினால் உடனிருக்கலாம். ஆனால் அவருக்காகப் பேசுபவராக அன்று.

மொழித்துணைவர் எப்படிப் பேசுகிறார்?

இரு மொழி அறிந்தவரை முற்காலத்தில் 'துபாசி' என்றனர். வணிகத்திற்குத் துபாசி போதும். தன் கருத்தையும் சேர்த்துப் பேரம் பேசுவது அவர் திறமை. மருத்துவமனையில் அத்திறமையே ஆபத்து. எங்கள் மொழித்துணைவர்கள் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்கள். நோயாளி திட்டினால் திட்டையும் பெயர்ப்பார்கள்.

அவர்கள் நோயாளிக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் அமர்வார்கள். மருத்துவர் மொழித்துணைவரைப் பார்த்தல்ல, நோயாளியைப் பார்த்தே பேசுவார். பெயர்க்கும்போது நோயாளியின் குரலாகவே பேச வேண்டும் என்பது விதி. நோயாளி "வலிக்கிறது" என்றால், "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்வார். "வலிக்கிறதாம்" என்று சொல்லமாட்டார். தமிழில் அந்த 'ஆம்' விகுதி சிறியதுதான். ஆனால் 'நான் பொறுப்பில்லை, அவர் அப்படிச் சொல்கிறார்' என்ற ஐயத்தை அது கூடவே கொண்டுவந்துவிடும். கேட்கும் மருத்துவர் அறியாமலேயே வலியின் அளவு ஒரு படி குறைந்துவிடும். பழக்கமில்லாதவர்க்கு இவ்விதி முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆண் மொழித்துணைவர் "எனக்கு ஏழு மாதம்" என்று சொல்லும்போது வெளியே சிரிப்பொலி எழுந்ததுண்டு.

இறுதியில் ஒரு சோதனை உண்டு. "புரிந்ததா?" என்று நாங்கள் கேட்பதில்லை. அதற்கு எம்மொழியினரும் "ஆம்" என்றே தலையசைப்பார்கள். நம் "சரிங்க" என்பதைப் போலவே அவர்களின் "ஜி ஹான்" என்பதும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற மரியாதைச் சொல்தான், ஒப்புதலன்று. அதற்கு மாறாக, "இந்த மாத்திரையை வீட்டில் எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்கிறோம். தவறு பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படுகிறது. தமிழ் நோயாளிகளிடமும் இதையே செய்யத் தொடங்கியுள்ளோம். 'உணவுக்கு முன்' என்பதை வாயில் சோறு வைப்பதற்கு ஒரு நொடி முன் என்று புரிந்துகொண்டவர்கள் நம்மூரிலும் உளர்.

எந்நேரமும் எல்லா மொழிக்கும் ஆள் இருப்பது சிறிய மலை மருத்துவமனைக்கு இயலாது. இந்தி, வங்காளம், நேபாளி அறிந்த பணியாளர்கள் எங்களிடம் உள்ளனர். மற்ற மொழிகளுக்குத் தொலைபேசியை ஒலிபெருக்கி நிலையில் வைத்து, பயிற்சி பெற்ற தன்னார்வலருடன் பேசுகிறோம். ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசிவழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. அங்குள்ள தமிழர்களும் இன்று அதைப் பயன்படுத்துகின்றனர். மழைக்காலத்தில் இம்மலையில் அலைபேசிச் சைகை நின்றுவிடும் வேளைகளுக்காக, வலி எங்கே, எப்போது தொடங்கியது, ஒவ்வாமை உண்டா போன்ற முப்பது கேள்விகளைப் படங்களுடன் அச்சிட்டு வைத்துள்ளோம்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். இந்திய அரசு 2022இல் தொடங்கிய 'பாஷிணி' உட்பட இத்துறையில் முன்னேற்றம் உண்மையே. ஆய்வகம் எந்தத் தளத்தில் என்று வழி சொல்வதற்கு நாங்களும் அவற்றைப் பயன்படுத்துகிறோம். ஆனால் வட்டார வழக்கு, முனகல், அழுகை கலந்த பேச்சு இவற்றில் செயலிகள் தடுமாறுகின்றன. ஒரு 'கூடாது' விடுபட்டால் பொருளே தலைகீழாகும். எனவே அறுவைக்கான ஒப்புதல், நோய் பற்றிய முக்கியச் செய்தி, மருந்தளவு ஆகியவற்றுக்குச் செயலியை நம்புவதில்லை.

சட்டம் சொல்வது

1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் வில்லி ரமிரெஸ் என்ற 18 வயது இளைஞர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தினர் 'இன்டாக்சிகாதோ' என்றனர். அவர்களுடைய ஸ்பானிய வழக்கில் உண்டது ஒவ்வாமல் நோயுற்றவர் என்று பொருள். மருத்துவர்கள் அதைப் போதைப்பொருள் உட்கொண்டவர் என்று எடுத்துக்கொண்டனர். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. கண்டறியத் தாமதமானதால் கை கால் நான்கும் செயலிழந்தன. வாழ்நாள் இழப்பீடாக ஏறத்தாழ 7 கோடி டாலர் வரை ஒப்புக்கொள்ளப்பட்டது. இதில் நாங்கள் கவனிப்பது வேறொன்று. அன்று யாரும் மொழித்துணைவரை அழைக்கவில்லை. ஏனெனில் தங்கள் பேச்சு ஒருவருக்கொருவர் புரிகிறது என்றே இரு தரப்பினரும் நம்பினர்.

நம் நாட்டில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் வெளியிட்ட நோயாளி உரிமைகள் சாசனம், நோயையும் சிகிச்சையையும் நோயாளி அறிந்த மொழியில், அவருக்கு விளங்கும்படி விளக்க வேண்டும் என்கிறது. போதிய தகவல் அளிக்கப்படாமல் பெறும் ஒப்புதல் செல்லாது என்பதை 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தமிழ்ப் படிவத்தின் அடியில் ஒடியாக்காரரின் கைநாட்டு ஒப்புதல் ஆகாது. எங்கள் படிவத்தில் எம்மொழியில் விளக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரியும், மொழித்துணைவர் கையொப்பமிட ஓரிடமும் உள்ளன.

அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறைதீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் வழங்கும் பணிக் கையேட்டில் தொழிலாளியின் மொழியும் இடம்பெற வேண்டும் என்றது. இலவச மருத்துவ வசதியையும் அவர் பொறுப்பாக்கியது. எழுத்தில் இருப்பது மேசைக்கு வருவது வேறு. மனுவை எந்த மொழியிலும் கொடுக்கலாம். ஆனால் மேசைக்கு அப்பால் இருப்பவர் அதைப் படிக்க ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாடு பல இடங்களில் இன்னும் தரகர்களின் கையிலேயே உள்ளது என்பது எங்கள் கருத்து.

பிறப்புப் பதிவில் ஓர் எழுத்து

மருத்துவமனையும் நகராட்சியும் சந்திக்கும் இடம் பிறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புவது எங்கள் கடமை. இங்கே பெயர்முறை குறுக்கிடுகிறது. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப்பெயர் இல்லை. சந்தாலிக் குடும்பத்தில் 'முர்மு' என்பது குலப்பெயர். அது தாய்க்கும் தந்தைக்கும் உரிய தனிப்பெயரன்று. பீகார்ப் பெண்கள் பலரின் பெயருக்குப்பின் 'தேவி' வரும். அதை மட்டும் எழுதினால் ஆளே மாறிவிடும். காதில் விழுந்தபடி எழுதினால் ஆதாரில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்றாகி, ஆறாண்டு கழித்து ராஞ்சியிலோ கட்டாக்கிலோ பள்ளியில் சேர்க்கும்போது தடை எழும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளதால், ஓர் எழுத்துப் பிழையின் விலை முன்னைவிட உயர்ந்துள்ளது. இம்மலைக்கும் ராஞ்சிக்கும் இடையே உள்ள தொலைவில் திருத்தத்திற்காகத் திரும்பி வருவது கூலித் தொழிலாளிக்கு இயலாத காரியம்.

அதனால் தாய் வீடு திரும்பும் முன், மொழித்துணைவர் முன்னிலையில் பெற்றோர் இருவரின் ஆதாரையும் வைத்து எழுத்துக்கூட்டிச் சரிபார்க்கிறோம். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லையெனில் அவசரப்பட வேண்டாம். பதிவு நடந்தால் போதும், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதையும் அவர்கள் மொழியில் சொல்கிறோம்.

நாமும் அயலாராக இருந்தோர்

இம்மலைக்கு இப்பாடம் புதிதன்று. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்களே 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அம்மிஷனின் யாழ்ப்பாணக் கிளைக்கு 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். நோயாளி ஆங்கிலம் கற்று வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இம்மலையிலும் குடியேறினர். அவர்கள் மொழி தமிழே. ஆயினும் இங்குள்ள அலுவலகத் தமிழ் அவர்களுக்கு அயல்மொழியாகவே இருந்தது. இன்றும் உட்கிராமங்களிலிருந்து வரும் முதிய பளியர்களிடம் எங்கள் படிவத் தமிழை வாசித்துக் காட்டினால் அவர்கள் பேசாமல் நிற்பதுண்டு. அவர்களுக்கும் மொழித்துணை வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குச் சென்றவர்கள் வங்காள எழுத்துப் பலகைகளைக் கண்டிருப்பார்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் பல்லாண்டுகளாக அங்கே வருகின்றனர். ஊரே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டது. அம்மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1960இல் மறைந்தது நம் கொடைக்கானலில்தான்.

உங்களால் இயல்வன

தொழிலாளர்களைத் தங்கவைத்திருக்கும் தோட்ட, விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர், அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் அவர்கள் மொழியிலும் ஒரு தாளில் எழுதி அவர்கள் அறைச்சுவரில் ஒட்டுங்கள். 108ஐ அழைப்பவருக்கு நோயைச் சொல்வதைவிட இடத்தைச் சொல்வதே கடினம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கூக்கால் போன்ற பெயர்கள் புதியவர் நாவில் உருமாறிவிடும். அழைப்பவர் திணறினால், அருகிலிருக்கும் நீங்கள் கைப்பேசியை வாங்கி இடத்தை மட்டும் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அறைக்குள் கரி மூட்ட வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

காசநோய் மருந்து உண்பவர் ஊர் திரும்புவதாக இருந்தால், புறப்படும் முன் எங்களிடம் வரச் சொல்லுங்கள். நிக்ஷய் பதிவின் வழியே அவர் ஊர் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுப்போம். மருந்து இடையில் நிற்கக் கூடாது.

உங்களில் எவருக்கேனும் வேற்றுமொழி நன்கு தெரிந்திருந்து, மொழித்துணைவராகப் பணிபுரிய விருப்பமிருந்தால் பதிவு மேசையில் பெயர் கொடுக்கலாம். மொழித் தேர்வு ஒன்றும், இரகசியம் காக்கும் உறுதிமொழியும், சில நாள் பயிற்சியும் உண்டு. இச்சேவைக்கு நோயாளியிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. யாரேனும் பணம் கேட்டால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

ஒவ்வொரு நோயாளியின் கோப்பின் மேற்புறத்திலும், இரத்தப் பிரிவுக்கு அடுத்து, 'வீட்டுமொழி' என்ற கட்டம் உள்ளது. உங்கள் கோப்பில் அது வெறுமையாக இருந்தாலோ தவறாக இருந்தாலோ அடுத்த வருகையின்போது சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.